எதுக்கும் எதுக்கும் இடையில்

ஸ்ரான்லி வீதியில் பத்துத் தடையிகளை
எண்ணிப் பையிலிட்ட பெடியனிடம்
முதற் கேள்வியைக் கேட்டேன்:
இதில் எந்தக் கால் முன், எந்தக் கால் பின்?
"எப்பிடியும் வைக்கலாமக்கா."
அப்ப இதுக்கு மட்டும் ஏன் ஒரு கால் நீளம்?
ஒளிகாலும் இருவாயியைத் தூக்கிக் காட்டினேன்.
"அதுக்கு ஒரு வழிதான். மாறிக் கொழுவினால் எரியாது."
மனிசருக்குள்ளும் உண்டு என்று நினைத்தேன்.
சொல்லவில்லை. பின்னால் இரண்டு பேர் நின்றார்கள்.

மீன் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்திலிருந்து
முன்னோக்கி எழுதிக்கொண்டு வருகிறேன்.
விளக்குக்கு முன்னால் தடையை வைத்தால்
மின்னோட்டம் குறையும், சரி.
பின்னால் வைத்தால்?
விளக்கைத் தாண்டின பிறகுதானே
அதற்குத் தெரியவரும், தடை இருக்கிறதென்று?
மூன்று நாள் இந்தக் கேள்வியோடு
இறால் கோது உரித்தேன்.
நான்காம் நாள் கரைவலை இழுக்கிறார்கள்.
இருபது பேர் பிடித்த கயிற்றில்
வாலில் நின்ற ஒருவன் அமத்திப் பிடிக்க
தலையில் நின்றவனின் கையும் மெதுவாயிற்று.
கொப்பியில் அந்தக் கேள்வியை வெட்டினேன்.

ஒன்பது வோல்ற்று பற்றரியில் தடையில்லாமல்
நேரே கொழுவிப் பார்த்ததும் உண்டு.
ஒரு கணம், அப்படியொரு சிவப்பு.
பிறகு மணம்.
"என்னடி கருகுது?" குசினிக்குள்ளிருந்து கொன்சலா.
"பத்து ரூபா" என்றேன்.

மீற்றரின் ஒற்றைக் கம்பியால் தொட்டு
இந்த இடத்தில் எத்தனை வோல்ற்று என்று கேட்டால்
சுழியம் காட்டுகிறது.
கடைக்குப் போன் எடுத்தேன்.
"எதுக்கும் எதுக்கும் இடையில அக்கா?"
எனக்கு வெட்கமாய்ப் போயிற்று.
பண்ணைப் பாலம் எவ்வளவு தூரம் என்று
ஒருத்தி வந்து கேட்டால்
எங்கையிருந்து என்றுதானே நானும் கேட்பேன்.

சந்திக்கு வரும் மின்னோட்டம் அத்தனையும்
சந்தியை விட்டுப் போய்விடுமாம்.
புத்தகம் எழுதினவர்
எங்கள் சந்திக்கு வந்து பார்க்கவில்லை.
ஆறரைக்கு வந்த ஓட்டோக்காரர் நாலு பேர்
பத்து மணிக்கும் அங்கேதான்.

இவ்வளவும் எதற்கென்றால்
றொமுவால்ட்டின் வலை விளக்கு.
இரவில் வலை கிடக்கும் இடம் காட்ட
மிதப்பில் கட்டுகிற, கைப்பிடியளவு குப்பி.
வாங்கி ஒரு மாதத்தில் செத்துவிடும்.
ஒன்றைத் திருகித் திறந்தேன்.
இரண்டு சின்னப் பற்றரி, ஒரு விளக்கு, ஒரு கம்பி.
சுவிற்ச் இல்லை.
தேடினேன். மூடியில் இல்லை, அடியில் இல்லை.
வெளியே இரண்டு திருகாணி மட்டும்
ஒன்றையொன்று தொடாமல்.
அவற்றுக்கிடையே மீற்றரை வைத்தேன்:
வழியில்லை என்றது.
வழியில்லாத சுற்று எப்படி எரிந்தது
ஒரு மாதம்?

கோபத்தில் வாளித் தண்ணீருக்குள் போட்டேன்.
குழாய்த் தண்ணீர்.
உற்றுப் பார்த்தால், மங்கலாய், தணல் மாதிரி.
ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டேன்.
கரையக் கரைய
வாளியின் உட்புறம் முழுவதும் சிவந்தது.

கடல்தான் சுவிற்ச்.
கடல்தான் நான் ஐம்பது ரூபாய்க்கு
எண்ணி வாங்கின தடையியும்.

வெளியே எடுத்துத் துடைத்தேன், அணைந்தது.
ஈரப் பெருவிரலை இரு திருகாணிக்கும் குறுக்கே வைத்தேன்.
இருட்டறையில் கண் பழகும்வரை காத்திருந்தேன்.
இருந்தது. மிகச் சிறிது.
புதுக் கேள்வி: என் விரல் எத்தனை ஓம்?
உப்புத் தொட்ட விரலுக்கும்
சவர்க்காரம் போட்டுக் கழுவின விரலுக்கும்
ஒரே கணக்கோ?

விடிய நாலு மணிக்கு
றொமுவால்ட் பன்னிரண்டு விளக்குகளையும்
சாக்கில் போட்டுத் தோளில் கொண்டுபோனான்.
நேற்றைய ஈரம் காயாத சாக்கு.
ஒழுங்கை முடியுமட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.
சாக்குக்குள் ஒன்று எரிந்துகொண்டு போகிறது,
கடலுக்குப் போய்ச் சேர முன்னரே,
சும்மா,
பற்றரியைத் தின்றுகொண்டு.
அதை எப்படி நிறுத்துவதென்று
இன்னும் எழுதவில்லை.