தேன்கூடு

பலகையைக் கழற்றினோம்.
தூணின் முழங்காலில் ஓட்டை ஓட்டையாய்,
உள்ளே கம்பி தெரிந்தது.
இதற்கு எங்கள் தொழிலில் தேன்கூடு என்றுதான் பெயர்.

ஒன்பது அங்குலம் போதும்,
கொக்குக்கால் மாதிரி நிற்கட்டும் என்று
கீறியவள் ஷிஃபானா.
அப்படியென்றால் எட்டுக் கம்பி என்றேன் நான்.
முக்கால் அங்குலக் கல்லை யாரும் கேட்கவில்லை,
நீ எந்த வழியால் போவாய் என்று.

ஆதம்லெவ்வை மேசன் சின்னவிரலை உள்ளே விட்டார்.
"கடக்காத்து பூந்தா கறள்தான் சேர்."
மருதமுனைக் கடல் முன்னூறு யாரில் இரைந்தது.

இரவு, வரைபடத்தில்
கொக்குக்குக் கொஞ்சம் சதை வைத்தாள்.
நான் இரண்டு கம்பி குறைத்தேன்.
கல் அரை அங்குலமானது.

விடிய லொறி வந்தது.
மணலில் ஒரு சிட்டிகை நாக்கில் வைத்து
லெவ்வை துப்பினார்:
"உப்பு. திருப்பி அனுப்புங்க."