ப

ஐம்பது மெகாஹெர்ட்ஸ்.
ஆறு மாதம் சுரண்டியும் அவ்வளவுதான்.
பச்சைப் பலகையில் ஒட்டிய தாமிரப் பட்டை
ஒரே சுருதியில் நின்றது;
கொஞ்சம் விலகினால்
அனுப்பிய அலையை வாசலிலேயே திருப்பிவிடும்.

அடித்தளம் தடிக்க வேண்டும்,
மின்கணக்கில் காற்றைப் போல இருக்கவும் வேண்டும்.
வெளிநாட்டு நுரைப்பலகையின் விலை கேட்டு
துறைத்தலைவர் சிரித்தார்.

குளச்சலிலிருந்து பைக்கில் வந்தான் பெர்க்மான்ஸ்,
மடியில் மீன்பெட்டி மூடி.
"ரெண்டு தடவ கழுவியாச்சு. நெய்மீனாக்கும்."
தெர்மகோல். முக்கால்வாசிக்கு மேல் காற்று.

பத்து மில்லிமீட்டருக்கு அறுத்தேன்.
பட்டை இரண்டு மடங்கு பெருத்தது, அது அதன் கூலி.
நீண்டுபோன ஊசி வேறு முரண்டு பிடித்தது.
பிறகு பிளேடால் தாமிரத்தின் நடுவே
ஒரு பிளவு.
புத்தகத்தில் அதற்கு யூ என்று பெயர்;
என் கைக்கு மூலைகள் சதுரமாய் விழுந்து
ப.

வேளிமலைப் பக்கம் இடி. கரண்ட் போய் வந்தது.
திரையில் கோடு ஒரு பள்ளத்தில் இறங்கி
ஏறப் பார்த்து
பத்து டெசிபெல்லைத் தொடுமுன்னே
இன்னொரு பள்ளத்தில் விழுந்தது.
இரண்டும் சேர்ந்து
அறுநூற்றுப் பத்து.

ரோஸ்லெட் மேடம் குனிந்தார், மூக்கைச் சுளித்தார்.
"அடித்தளம் எந்தக் கம்பெனி?"

பதிவேட்டில் அந்தக் கட்டம் இன்னும் காலி.
போனில் பெர்க்மான்ஸ்:
"மூடியில்லாம ஐஸு உருகுது பிள்ளே,
வெட்டினது போக மிச்சம் இருக்கா?"