எட்டுப் பாகை

தேவகோட்டை, தொண்டி சாலை.
லாரி வரும்வரை பட்டறை வாசலில்
கட்டைமேல் நிற்கிறது சிக்கந்தரின் படகு.
திசைகாட்டியை எங்கே பூட்டுவது?

எஞ்சின் அருகே வைத்தேன்,
முள் எஞ்சினையே வடக்கென்றது.
பாட்டுப்பெட்டிக்குக் கீழே அதற்குப் பைத்தியம்.
ஐஸ்பெட்டி மூடிமேல் வைக்கலாமே என்றான்.
மீன் எடுக்கும்போதெல்லாம்
வடக்கைத் திறந்து மூடுவாயா?

கடைசியில் நடுப்பலகை.
அணியத்துக்கு நேர்கோடு,
உட்கார்ந்தால் கண்ணுக்கு எட்டும்.
பித்தளைத் திருகாணி நான்கு.
ஸ்பானர் பெட்டியை வேப்பமரத்தடிக்கு அனுப்பினேன்.

அவன் ஏறி உட்கார்ந்தான்.
முள் நகர்ந்தது, கொஞ்சமும் கூச்சமில்லாமல்,
எட்டுப் பாகை.
இறங்கினான், திரும்பியது.
மறுபடி ஏறச் சொன்னேன். மறுபடி எட்டு.

இடுப்பில் என்னடா?
முழ நீளச் சாவி.
கோலாலம்பூரில் இருப்பவர்களின் வீட்டுக்கு
வாரம் முழுக்கக் காவல்,
சனி இரவு மட்டும் இவனுக்குக் கடல்.

கழற்றி வைத்துவிட்டுப் போ என்றேன்.
யாரிடம் கொடுக்க அக்கா,
என்றான், சாவியைத் தொட்டுக்கொண்டே.
எனக்கும் ஒரு பெயர் தோன்றவில்லை.

பலகையில் பென்சிலால் எழுதினேன்:
சாவி இருந்தால் எட்டைக் கழி.
பென்சிலை வாங்கி
அவன் 'இருந்தால்' என்பதை அடித்தான்.