ஒற்றைக் கோடு

குடிகாட்டில் காற்று எங்கிருந்து அடிக்கிறதென்று
மூக்கே சொல்லிவிடும்.
அழுகின முட்டை என்றால் தெற்கு.
நெயில் பாலிஷ் என்றால் வாடை திரும்பிவிட்டது.

அங்கிருந்து சைக்கிளில் பன்னிரண்டு நிமிடம்.
மூன்று கதவுகள்,
ஒன்று மூடாமல் அடுத்தது திறக்காது.
மூன்றாவதற்கு அப்பால்
பிறந்ததிலிருந்து நான் இழுத்ததிலேயே
சுத்தமான காற்று.
எனக்காக இல்லை, செல்களுக்காக.

பதினொரு பேர் பயிற்சியில்.
அஞ்சாபுலி சாயக் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்த்தவன்.
ரஹ்மத்துன்னிசா ஓ.டி.யில் ரத்தப் பரிசோதனைக் கூடம்.
நான் இறால் குஞ்சுப் பொரிப்பகம்:
தொட்டி கலங்குவதற்கு முந்தின நாளே
கலங்கப்போகிறதென்று தெரிந்துவிடும் எனக்கு.
பன்னிரண்டாவது ஆள் ஹைதராபாத் போய்விட்டான்.
எட்டாம் அளவுக் கையுறைப் பெட்டி
இன்னும் பிரிக்காமல் கிடக்கிறது.

முப்பத்துநாலு வயதில்
தரையில் படாமல் கால்சட்டை போடக் கற்றேன்.
பவுடர் கூடாது. மூக்குத்தி கூடாது.
வேகமாக நடந்தால் காற்று கலையும்.
சும்மா நிற்பதற்கும் சம்பளம் உண்டென்று
வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

தை பிறந்ததும் முதல் பை வருமாம்.
யாரோ ஒருவரின் ரத்தத்தில் பிரித்த செல்,
மரபணு மாற்றி, பெருக்கி,
அதே ஒருவருக்குத் திரும்பப் போக வேண்டும்.
பேர் இருக்காது, எண்தான்.
இறால் செத்தால் அடுத்த தொட்டியைப் பார்ப்போம்.
இதற்கு அடுத்த தொட்டி கிடையாது.

அதுவரை வெறும் ஊட்டக் கரைசல்.
மருந்து மாதிரியே நிரப்பி, மூடி,
பதினாலு நாள் சூட்டில் வைத்துப் பார்ப்போம்.
தெளிவாகவே இருந்தால் கை சுத்தம்.

ஒன்பதாம் நாள்
என் நாற்பத்தொன்றாம் குப்பியை
எல்லோரும் விளக்கில் பிடித்துத் தேடினார்கள்.
நான் தேடவில்லை.

ஏட்டில் 10:52.
'தடங்கல் எதுவும் இல்லை.'
என் கையெழுத்து.

இருந்தது.
பக்கத்துக் கம்பெனியில் சைரன் ஊதியது.
எங்கள் ஊரில் அந்தச் சத்தம் காதில் நிற்பதில்லை:
துணியை நனை, பிள்ளையைத் தூக்கு,
காற்றுக்குக் குறுக்கே ஓடு.
இரண்டு நொடி திரும்பியிருப்பேன்.

இங்கே வெள்ளை மை கிடையாது.
பக்கத்தைக் கிழிக்க முடியாது, எண் போட்டிருக்கிறது.
தப்பின்மேல் ஒற்றைக் கோடு;
அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும்.
பக்கத்தில் காரணம், தேதி, சுருக்கொப்பம்.

எழுதினேன்:
சைரன் கேட்டுத் திரும்பினேன்.
இடது கை திறந்த குப்பியின் வாய்க்கு மேலே போனது.

சாட்சிக் கையெழுத்துப் போட வந்த ரஹ்மத்துன்னிசா
பேனாவை மூடிவிட்டு நின்றாள்.
"பத்தே முக்காலுக்கு மேலதானே? நானும் திரும்பினேன்டி."
தன் ஏட்டை எடுக்கப் போனாள்.
அஞ்சாபுலி யாரையும் பார்க்காமல்
பக்கம் புரட்டிக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை மறுபடி முதல் குப்பியிலிருந்து.
சுவருக்கு ஒலித்தடுப்பு கேட்டு
ஒரு படிவம் போட்டிருக்கிறோம்.

வெளியே வந்தபோது தெற்குக் காற்று.
சைக்கிள் சீட்டில் மெல்லிசாக மஞ்சள் தூசி.
எதிலும் எழுதவில்லை.
முந்தானையால் துடைத்துவிட்டு
ஏறினேன்.