பனிமூட்டத்தால் ஆட்டமில்லை

மன்றத்துப் பலகையில் மற்ற வருடங்களுக்கெல்லாம்
பெயர் இருக்கிறது, தங்க நிறத்தில், இனிஷியலோடு.
இரண்டாயிரத்துப் பதினொன்றுக்கு எதிரே ஒரு கோடு.
பக்கத்தில் பொடி எழுத்து:
பனிமூட்டத்தால் ஆட்டமில்லை.

ஆட்டம் இருந்தது.
ஆடியவர்களில் ஒருத்தி நான்.

கோத்தகிரியில் எதுவும் சமமாக இல்லை.
ரேஷன் கடை ஏற்றத்தில்,
ஆஸ்பத்திரி இறக்கத்தில்,
எங்கள் லயன் வீட்டு வாசல்கூடப்
பள்ளத்தைப் பார்த்தே திறக்கும்.
எங்கே நின்றாலும் ஒரு கை பிரேக்கில்,
பேசும்போதும், டீ குடிக்கும்போதும்.
எழுபத்தெட்டு அடி நீளம், இருபத்தேழு அடி அகலம்:
எனக்குத் தெரிந்த சமவெளி இவ்வளவுதான்.
முதல்நாள் அதில் இறங்கி
இரண்டு கைகளையும் எடுத்துப் பார்த்தேன்.
நாற்காலி விட்ட இடத்திலேயே நின்றது.
அழுகைதான் முதலில் வந்தது.
டென்னிஸ் வர ஆறு மாதம் ஆனது.

வலை அதே உயரம். கோடு அதே கோடு.
எங்களுக்கென்று விதியில் பெரிதாகச் சேர்த்தது ஒன்றுதான்:
பந்து இரண்டு முறை துள்ளலாம்,
இரண்டாவது துள்ளல் கோட்டைத் தாண்டி விழுந்தாலும் சரி.
சலுகை என்றார் மன்றச் செயலாளர்.
பந்துக்கு முதுகைக் காட்டி
அரைவட்டம் அடித்து
அது வரப்போகும் இடத்துக்கு
அதற்கு முன்னால் போய்ச் சேர்ந்து பாருங்கள் சார்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவர் படியேறிப் போய்விட்டார்.

அப்போதெல்லாம் விம்பிள்டனிலேயே
சக்கர நாற்காலிக்கு ஒற்றையர் ஆட்டம் கிடையாது.
புல்லில் சக்கரம் திணறுமாம்.
திணறும்தான்.
மாதி அதைப் பேப்பரில் படித்துவிட்டுச் சிரித்தாள்:
"தேயிலைக் காட்டுல தள்ளிப் பாக்கச் சொல்லு."

மாதி நெடுகுளாக்காரி.
மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு கொண்டை ஊசி வளைவில்
ஜீப்பையும் கால்களையும் விட்டுவிட்டு வந்தவள்.
எனக்குப் போலியோ,
நினைவு தெரிவதற்கு முன்பே முடிந்துபோன கதை.

இறுதி ஆட்டம். நாலரை மணி, இரண்டாவது செட்.
பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்தது.
சில்வர் ஓக் மரங்கள் போயின.
நடுவரின் ஏணி நாற்காலி
கீழிருந்து மேலாகப் போனது.
பிறகு வலை.
பிறகு மாதி.
"நிறுத்திடலாமா?" ஸ்டான்லி சாரின் குரல்.
"கேக்குது சார், ஆடுறோம்"
இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில்.

கேட்டது.
ஈரத்தரையில் பந்து விழும் சத்தம்,
நடுவே ஒரு மூச்சளவு,
மறுபடி ஒரு சத்தம், சற்றுத் தாழ்ந்து.
அந்த மூச்சுக்குள் போய்ச் சேர வேண்டும்.
மாதியின் வலப்பக்கச் சக்கரம் கிறீச்சிடும்.
கிறீச்சிடாத பக்கமாகப் பார்த்து அடித்தேன்.
பார்த்து என்பது பழக்கதோஷம்.

கடைசிப் பந்து என் மட்டையை விட்டுப் போனது.
ஒன்று.

இரண்டு.
அப்புறம் கம்பிவேலி அதிர்ந்தது.
உள்ளே விழுந்ததா, வெளியிலா?
எனக்குத் தெரியாது. ஸ்டான்லி சாருக்கும் தெரியாது.
பார்க்க வந்த பதினோரு பேரும்
டீக்கடைக்குப் போயிருந்தார்கள்.
வெள்ளைக்குள்ளிருந்து மாதி சொன்னாள்:
"உள்ள."

தோற்றவளின் சாட்சி செல்லாது என்று
கமிட்டி கூடி முடிவெடுத்தது.
மூன்று பேர் கையெழுத்து, ஒரு ரப்பர் ஸ்டாம்ப்.

நிஜமாகவே பார்த்தாயா என்று
அன்று இரவு வேனில் கேட்டேன்.
"ஒனக்கு வேற ஜோலி இல்லயா?" என்றாள்,
ஜன்னலைத் துடைத்துக்கொண்டே.

வருடாவருடம் பெயிண்டர் வந்து புதுப்பெயர் எழுதுகிறார்.
போகும்போது அந்தக் கோட்டையும்
மறக்காமல் ஒருமுறை மினுக்கிவிட்டுப் போகிறார்.
மாதி அடுத்த வாரமே
பேரிங்கை மாற்றிவிட்டாள்.
பன்னிரண்டுக்கு எதிரே அவள் பெயர், பதிமூன்றிலும்.
கோயம்புத்தூரில், பெங்களூரில்,
நல்ல வெயிலில், எல்லோரும் பார்க்க,
அவளை நான் இன்னும் ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை.