சிராய்ப்பு

இரண்டு அங்குலத் தூரிகை, கறுப்பு எனாமல்,
லிங்கராஜபுரம் மாடியறைத் தரை முழுக்கப் பழைய கன்னடப் பேப்பர்.
நூற்று நாற்பது முறை ழ எழுதினேன்.
நூற்று முப்பத்தொன்பது அழகாக வந்துவிட்டன.
வால் வறண்டு பாதியில் செத்த ஒன்றை
எடுத்துக்கொண்டேன்.

பிறகு கணினியில் உட்கார்ந்து அதை இன்னும் காயப்படுத்தினேன்.
பக்கத்து வீட்டுப் பூச்சு உதிர்ந்த சுவரைப் படமெடுத்து
அதன் பொத்தல்களைக் ககரத்தின் முதுகில் பதித்தேன்.
"இன்னும் அழுக்கு வேணும் மேடம்" என்றார் வாங்க வந்தவர்.
அழுக்குக்குத் தனி விலை வைத்தேன்.

சிராய்ப்பு என்று பெயர். ஒரே எடை, தடிப்பு.
கத்திப் பேசுகிறவர்களுக்கானது.
கல்யாணப் பத்திரிகைக்கு ஆகாது,
பன்னிரண்டு பாயிண்டுக்குக் கீழே இறங்கினால்
கொசு அடித்த சுவர்.
ஆனாலும் ஊரெங்கும் முளைத்தது:
ஹலசூரில் ஜிம், காக்ஸ் டவுனில் சில்லி பீஃப்,
கூலி கேட்டு டவுன்ஹால் படியில் நின்றவர்கள் கையில் அட்டை,
அதே வாரம் அவர்களுடைய காண்ட்ராக்டருக்குப்
பிறந்தநாள் பேனர்.
எழுத்துக்குக் கட்சி கிடையாது.
எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஒரு குறை உண்டு, யாரிடமும் சொன்னதில்லை.
'எட்டி நில்' என்று அடித்துப் பாருங்கள்.
இரண்டு டகரத்துக்கும் இடது மூலையில் ஒரே கீறல்,
ஒரே நாளில் ஒரே கல்லில் இடறிய
இரட்டைப் பிள்ளைகள் மாதிரி.
பொய் அங்கேதான் பல்லிளிக்கும்.

இரவு பதினொன்றரைக்கு ஜே.சி. ரோட்டிலிருந்து ஒரு போன்.
"சிராய்ப்பு செஞ்சது நீங்களா?
அமலோற்பவம் பேசறேன், ஸ்டிக்கர் கட்டிங்.
ஒரு க-வுக்கு எண்பத்தேழு பொடி இருக்கு, தெரியுமா?
மெஷின் வெட்டிடுது. உரிக்கறது யாரு?"

மறுநாள் போனேன்.
சாமணம், மேசைவிளக்கு, ஆறிப்போன டீ.
நகக்கண்ணில் சிவப்பு வினைல் துணுக்கு.
ஒரே சொடுக்கில் நான் தூவிய ஒவ்வொரு பொத்தலுக்கும்
அவள் ஒரு முறை குனிந்திருக்கிறாள்.
வழுவழுவென்று ஒன்று செய்து தருகிறேன்,
காசு வேண்டாம் என்றேன்.

"அப்புறம் எவன் வருவான் என்கிட்ட?" என்றாள்.
"கரடுக்கு நாப்பது ரூபா கூட வாங்கறேன்.
எண்ணிட்டுத்தான் செஞ்சீங்களான்னு
கேக்கத்தான் கூப்பிட்டேன்."

எண்ணவில்லை.

திரும்பும்போது ரிச்மண்ட் சர்க்கிள் சிக்னலில்
என் ஸ்கூட்டருக்கு முன்னால் ஓசூர் டெம்போ ஒன்று,
பின்கதவில் சிவப்பாக: எட்டி நில்.
முதல் டகரத்தில் என் கீறல் அப்படியே.
இரண்டாவதில் பாதிப் பொடி எடுபடவே இல்லை,
மூலை அடைந்து கிடந்தது.
தூக்கம் சொக்கியிருக்கும்,
இல்லை, அந்த இடத்தில்தான் சாமணத்தை வைத்துவிட்டு
எனக்குப் போன் போட்டாளோ என்னவோ.
மூன்று மாதம் மண்டையை உடைத்தும் எனக்கு வராதது,
இரண்டு ட, இரண்டு காயம்.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் மேல் ஹாரன்.
நான் வண்டியை உருட்டிக்கொண்டு
இன்னும் கிட்டப் போனேன்.