பிறகு

கிழமை நாட்களில்
மற்றவர்களின் தலைகளைப் படம் எடுப்பவள் நான்.
ஆஸ்பத்திரியின் கீழ்த்தளம். குளிரூட்டிய அறை.
"அசையாமல் படுங்கோ, சத்தம் வரும், பயப்பட வேண்டாம்"
மூன்று மொழியிலும் சொல்லிவிட்டு
கண்ணாடிக்கு இப்பால் வந்து
காதைப் பொத்திக்கொள்வேன்.
அந்த மெஷின் இடிக்கிற இடி
எனக்கு வேறொரு வைகாசியின் இடி.
பதினைந்து வருடம். இங்கே ஒருவருக்கும் தெரியாது.

போன மழைக்காலம், ட்யூட்டி முடிந்த பின்
குழாய்க்குள் நானே படுத்தேன்.
ஃபஸ்மினா பொத்தானை அழுத்தினாள்.
திரையில்
வாதுமைப் பருப்பளவில் ஒன்று, அச்சம் குடியிருக்கும் இடம்.
அதை ஒட்டி, வால் சுருண்ட
கடற்குதிரை.
எது நேற்று எது இன்று என்று
ஒவ்வொரு நாளுக்கும் முத்திரை குத்தி அனுப்புவது அதுதான்.
என்னுடையது கொஞ்சம் மெலிந்திருந்தது.
அல்லது எனக்கு அப்படித் தெரிந்தது.
"ஒரு படத்தை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது" என்றாள் ஃபஸ்மினா,
என் முகத்தைப் பார்க்காமல்.

சனிக்கிழமை நாரஹேன்பிட்டி.
தகரக் கூரை லாயம், பின்னால் ரயில் பாதை.
குதிரையின் பெயர் சில்வா.
ஏன் சில்வா என்றேன்.
முந்திய முதலாளியிடம் கடன் வாங்கித்
திருப்பித் தராதவன் பெயர் என்று சிரித்தார் பியதிலக்க.
நுவரெலியாவில் ஓடி, தோற்று, கிழடான குதிரை.
ஏறத் தேவையில்லை.
பிரஷ் பிடி. குளம்பைத் தூக்கு. பக்கத்தில் நில்.
நான் மூச்சைப் பிடித்தால் அது ஓரடி விலகும்,
விட்டால் வரும்.
எந்த மெஷினும் இவ்வளவு கெதியாய்
ரிப்போர்ட் தந்ததில்லை.

எனக்கு முந்திய நேரம் அபேகோனுடையது.
இடது கையில் இரண்டு விரல் இல்லை.
எந்தப் படைப்பிரிவு என்று நான் கேட்டதில்லை,
எந்த ஊர் என்று அவரும்.
வாசலில் தலையாட்டுவோம், கிட்டத்தட்ட.
அவர் நெற்றியைச் சாய்த்த இடம்
சில்வாவின் கழுத்தில் இன்னும் சூடாய் இருக்கும்.
நான் மற்றப் பக்கம் போய் நிற்பேன்.

சித்திரையில் ஒரு நாள்
மதிலுக்கு அப்பால் யாரோ சீனவெடி கொளுத்தினார்கள்.
நான் கீழே.
முழங்காலில் மண், வாய்க்குள் மண்,
அப்போதைய மண்.
சில்வாவும் துள்ளியது. காதுகள் பின்னுக்குப் போய்
கண்ணின் வெள்ளை தெரிந்தது.
தோல் முழுக்க ஒரு நடுக்கம் ஓடி
வாலில் முடிந்தது.
பிறகு
குனிந்து
புல்லைக் கடித்தது.

அந்தப் பிறகு.
அது என்னிடம் இல்லை.
எனக்குள் வெடித்தது இன்னும் வெடித்து முடியவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன்.
வாசலில் சப்பாத்து நாடா கட்டவந்த அபேகோன்
குந்தியிருந்தார்,
தலைக்கு மேல் இரண்டு கை, எட்டு விரல்.
பியதிலக்க இருவருக்கும் பிளேன்டீ கொண்டுவந்தார்.
ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை.
இடையில் சில்வா மென்றுகொண்டிருந்தது,
நறுக், நறுக்,
அவசரமே இல்லாமல்.
களனிவெளி ரயில் ஒன்று பிந்தி வந்து போனது.

திங்கட்கிழமை
ஒரு பெரியவர் குழாய்க்குள் போக மறுத்தார்.
சத்தம் வரும் என்றேன்.
என்ன நினைத்தேனோ,
பிறகு நிற்கும் என்றேன்.
கண்ணாடிக்கு இப்பால் வந்து
காதைப் பொத்தினேன்.
ஒரு காதை மட்டும்.